உட்கார இடம்

கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்கூட இல்லை. மருந்துக்கடையில் இருமல் சிரப் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்த சின்னவளுக்கு அக்காவிடமிருந்து போன் வந்தது. அக்கா வீட்டுச் சமையலறைச் சுவருக்குள் தண்ணீர்க் குழாய் வெடித்துவிட்டதாம். பிளம்பர் வந்து பார்த்துவிட்டு, சுவரை உடைத்தால்தான் குழாய் தெரியும் என்றாராம். உடைத்தாராம். குழாய் தெரிந்ததாம், கூடவே பக்கத்து வீட்டு வெளிச்சமும் தெரிந்ததாம். அடுப்பெல்லாம் இப்போது ஹாலில் போர்வை போர்த்திக்கொண்டு நிற்கிறது என்று அக்கா சொன்னபோது அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் சின்னவளுக்குப் பயமாக இருந்தது. அக்காவுக்குக் கோபம் வராவிட்டால் உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

வீட்டில் இரண்டே பெண்கள். பெரியவள், சின்னவள் என்று கூப்பிட்டே பழகிவிட்டதால், ஐம்பதைத் தாண்டி, ஒரு மருந்துக்கடையின் முழுப் பொறுப்பையும் தலையில் சுமக்கிற இந்த வயதிலும் அவள் சின்னவள்தான். அக்காவுக்கு அதைவிடவும் சின்னவள்: குட்டி. கல்யாணம் வேண்டாம் என்று எந்தக் காலத்திலோ முடிவு செய்து, தன் சம்பளத்தில் வாங்கிய சின்ன ஃபிளாட்டில் நிம்மதியாக இருக்கிறாள். ஆனால் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அக்கா வீட்டுக்குப் போய், சமையலறை வாசலிலேயே தடுத்து நிறுத்தப்பட்டு, வயிறு முட்டச் சாப்பிட்டு, மிச்சத்தை டப்பாவில் வாங்கிக்கொண்டு, அத்தான் காரில் வீடு திரும்புவாள். "பாவம், தனியா இருக்கா" என்று உள்ளே யாரோ யாரிடமோ சொல்வது அந்த டப்பாவோடு சேர்ந்து காதில் விழும். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. சிரப்பில் கசப்பு இருப்பது மாதிரி, பாசத்தில் அதுவும் கொஞ்சம் இருக்கும் என்று விட்டுவிடுவாள்.

இந்த வருஷம் யாரும் எங்கும் வரவேண்டாம், ஏதாவது ஹோட்டலில் பார்த்துக்கொள்ளலாம் என்று அக்கா முடித்தாள். சின்னவளுக்கு யோசனை வருவதற்குள் வாய் முந்திக்கொண்டது. எல்லோரும் என் வீட்டுக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டாள்.

மறுமுனையில் அக்கா கேட்டாள்:

"உன் வீட்லயா? எங்கடி உக்காருவோம்?"

கேலியாகக் கேட்டிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். அக்கா நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். அதனாலேயே அது சுருக்கென்று தைத்தது. உட்கார இடமெல்லாம் இருக்கிறது, நீ வந்தால் போதும் என்று சொல்லிப் போனை வைத்தாள்.

மாலை வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டுப் பார்த்தாள். ஒரு தட்டும் ஒரு செய்தித்தாளும் வைத்தால் நிரம்பிவிடுகிற வட்ட மேஜை. அதன் பக்கத்தில் ஒரு நாற்காலி. ஜன்னலோரம் இஸ்திரி போடவேண்டிய துணி மூட்டை. மூட்டையைத் தூக்கினால் அடியில் இன்னொரு நாற்காலி. அது நாற்காலி என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. வரப்போகிறவர்கள் அக்கா, அத்தான், அவர்கள் மகள், மருமகன், கைக்குழந்தை. குழந்தைக்கு நாற்காலி வேண்டாம். அந்த ஒரு ஆறுதல்தான் மிச்சம்.

உரலுக்குள் தலையை விட்டாகிவிட்டது, இனி உலக்கைக்குப் பயந்தால் ஆகுமா? மறுநாள் மதிய இடைவேளையில், வாடகைக்குச் சாமான் கொடுக்கிற கடைக்கு நடந்தாள். இருந்த நாற்காலி எல்லாம் சர்ச்சுக்கும் ஆபீஸ் பார்ட்டிகளுக்கும் போய்விட்டது என்று கடைக்காரர் கையை விரித்தார். மேடையில் போடுகிற ஜோடி நாற்காலி மட்டும் மிச்சம்: சிவப்பு வெல்வெட், தங்கப் பூச்சு, கைப்பிடியில் சிங்க முகம். உட்கார்ந்தால் ராஜா மாதிரி இருக்கும் என்று அவர் ஆசை காட்டினார். அத்தான் அதில் ராஜாவாக அமர்ந்திருக்க, மற்றவர்கள் சுற்றி நின்று தட்டைக் கையில் ஏந்திச் சாப்பிடுகிற காட்சி சின்னவளின் மனக்கண்ணில் வந்தது. நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினாள். பக்கத்து பர்னிச்சர் கடையில் நாற்காலி இருந்தது. ஆனால் வீட்டுக்குக் கொண்டுவந்து போடுவது புது வருஷத்துக்கு அப்புறம்தானாம். அவசரத்துக்கு அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்களே, அதுதான்.

அன்று சாயங்காலம், மாதா மாதம் வருவது போல டிரைவர் அண்ணன் ரத்த அழுத்த மாத்திரை வாங்க வந்தார். அவள் ஃபிளாட்டுக்கு நேர் மேலே குடியிருப்பவர்; ஆயுசெல்லாம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அந்தக் கட்டடத்தில் இருக்கிறவர்களை எல்லாம் சின்னவளுக்கு மருந்துச் சீட்டு வழியாகத்தான் தெரியும். மேல்மாடிக்கு ரத்த அழுத்தம், கீழ்வீட்டுப் பாட்டு டீச்சருக்குத் தொண்டைக் கட்டு, எதிர்வீட்டு நர்ஸுக்குக் கால்வலித் தைலம். ஒருவர் வீட்டுக்குள்ளும் அவள் போனதில்லை, அவள் வீட்டுக்கும் யாரும் வந்ததில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் தலைக்கு மேல் கடக், கடக் என்று ஒரு சத்தம் கேட்கும். அண்ணனின் பழைய சகாக்கள் சீட்டாட வருவார்கள், மடக்கு நாற்காலிகள் விரியும். மாத்திரையைக் கவரில் போடும்போது அந்தச் சத்தம் அவளுக்கு ஞாபகம் வந்தது. தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"இருக்கும்மா. தாராளமா எடுத்துக்கோங்க" என்றார் அவர். "ஆனா அதுல ஒண்ணு கடிக்கும்."

எது கடிக்கும் என்று நேரில்தான் காட்டமுடியுமாம். கடையை மூடிவிட்டு, தன் தளத்தோடு நிற்காமல் முதல்முறையாக இன்னொரு மாடி ஏறினாள். முதல் ட்ரிப்புக்கு முன்னால் கழுவித் துடைத்த பஸ் மாதிரி இருந்தது அவர் வீடு. சுவரோரம் நாற்காலிகள் வரிசையாகச் சாய்ந்து நின்றன. அண்ணன் ஒவ்வொன்றாக விரித்து, உட்கார்ந்து, எழுந்து காட்டினார். கடிக்கிற நாற்காலியில் சாய்ந்தால் பின்சட்டம் நழுவித் தொடையைக் கவ்விக்கொள்ளும். அதில் தான் மட்டுமே உட்காருவது வழக்கம் என்றார். இவ்வளவு உபசாரம் செய்கிறவரிடம் வெறும் நன்றி சொல்லிவிட்டு நாற்காலியோடு இறங்குவது எப்படி? மரியாதைக்கு ஒரு வார்த்தை சொன்னாள்:

"நீங்களும் சாப்பிட வாங்களேன் அண்ணே."

இதற்கு எல்லோரும் என்ன பதில் சொல்வார்களோ அதைத்தான் அவரும் சொல்வார் என்று எதிர்பார்த்தாள். பரவாயில்லம்மா, இருக்கட்டும்மா, இன்னொரு நாள் பார்ப்போம் என்று. அவர் தாடையைத் தடவிக் கொஞ்சம் யோசித்தார்.

"எத்தனை மணிக்கு?" என்றார்.

நாற்காலிகளை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு இறங்கும்போது அவளுக்குப் பதற்றமாகத்தான் இருந்தது. பாதிப் படியில் சிரிப்பு வந்துவிட்டது.

நாற்காலி கிடைத்ததும் மேஜைக் கவலை வந்தது. வட்ட மேஜையைச் சுற்றி அத்தனை பேர் உட்கார்ந்தால் முழங்கால்கள்தான் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ளும். கீழே பாட்டு டீச்சர் வீட்டில் நீள மேஜை ஒன்று சும்மா கிடக்கிறது என்று அண்ணன் தகவல் சொல்லியிருந்தார். மறுநாள் காலை கடைக்குப் போகும் வழியில் டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினாள். பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் பாட்டுகள் சொல்லிக்கொடுத்துச் சொல்லிக்கொடுத்து டீச்சரின் குரல் அடித்தொண்டையில் போய் உட்கார்ந்திருந்தது. மேஜை மேல் மலை மாதிரி பாட்டுத் தாள்கள். எடுத்துக்கொள்ளுங்கள், இடம் மிச்சம் என்றார் டீச்சர். சின்னவள் அழைப்பதற்கு வாயைத் திறப்பதற்குள், தான் சாலட் செய்து கொண்டுவருவதாகச் சொல்லி, வெங்காயம் போடலாமா என்று கேட்டார். அண்ணன் நேற்றே அவரைக் கூப்பிட்டுவிட்டாராம். வழியில் நின்றவர்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு வருவது அவருக்குக் கைவந்த பழக்கம் போல.

மேஜையை ஏற்றிய கதைதான் கதை. கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, சாயங்காலம், முன்னால் டீச்சரும் சின்னவளும், பின்னால் அண்ணனுமாகத் தூக்கினார்கள். முதல் மாடித் திருப்பம் வரை ஊர்வலம் மாதிரி ஒழுங்காகப் போனது. திருப்பத்தில் மேஜை ஒரு பக்கம் சுவரையும் மறுபக்கம் கைப்பிடிக் கம்பியையும் முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. அண்ணன் டெப்போவில் வண்டியைப் பின்னால் எடுப்பது போலக் குரல் கொடுத்தார்: லேசா ரிவர்ஸ், ரைட்ல ஒடிங்க, இன்னும், இன்னும், ஹோல்டான். யாருடைய ரைட் என்று டீச்சர் அடித்தொண்டையில் கேட்டார். அண்ணனுடைய வலது டீச்சருக்கு இடதாக இருந்தது. நடுவில் மாட்டிய சின்னவளுக்கு எது எதுவென்றே தெரியவில்லை. சுவரில் கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்தது.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு நர்ஸ் டூட்டி முடித்து வந்தாள். முப்பது வயதுகூட ஆகாத பெண். நடந்துகொண்டே தூங்குகிற முகம். மாடிக்குப் போக வழியில்லாமல் பையைத் தோளில் மாட்டியபடி நின்று கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தாள். பிறகு குனிந்து மேஜையின் அடியைப் பார்த்தாள்.

"டீச்சர், இதுக்குக் காலைக் கழட்டலாமே" என்றாள்.

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அந்த மேஜை தன் அம்மா காலத்திலிருந்து வீட்டில் இருக்கிறது, அதற்குக் கழலும் கால் என்று யாரும் சொன்னதில்லை என்றார் டீச்சர். அண்ணன் ஸ்பானர் எடுத்துவருவதாகச் சொன்னார். ஆனால் ஸ்பானர் இருந்த வீடு மேஜைக்கு அந்தப் பக்கம். கடைசியில் அவர் மேஜைக்கு அடியில் நுழைந்து, மறுபக்கம் எழுந்து, சட்டையைத் தட்டிக்கொண்டு மாடிக்குப் போனார்.

கால் கழன்றதும் பலகை வெண்ணெயில் இறங்குகிற கத்தி போலத் திருப்பத்தில் திரும்பிவிட்டது. வீட்டுக்குள் கொண்டுவந்து மறுபடி பூட்டி நிறுத்தினால், ஹாலில் மேஜை இருந்ததா மேஜைக்குள் ஹால் இருந்ததா என்று சொல்லமுடியவில்லை. ஜன்னல் பக்கம் போக நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் நடக்கவேண்டும். நர்ஸ் வந்த களைப்பில் ஒரு மடக்கு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். நல்லவேளை, கடிக்கிறதில் இல்லை. கிறிஸ்துமஸ் அன்றும் தனக்கு டூட்டி என்றும், மதியம் ஒரு இடைவெளி கிடைக்கும் என்றும் சொன்னாள். அப்போது வந்து சாப்பிட்டுவிட்டுப் போ என்று சின்னவள் சொன்னது இந்த முறை மரியாதைக்கு இல்லை. கோழியையும் கேக்கையும் எதில் செய்யப்போகிறீர்கள் என்று நர்ஸ் கேட்டபோதுதான், தன் வீட்டில் இருப்பது இரண்டு பர்னர் அடுப்பு மட்டும் என்பது சின்னவளுக்கு உறைத்தது. நர்ஸ் சிரித்துக்கொண்டே பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். தன் வீட்டில் கேக் சுடுகிற அவன் அடுப்பு இருக்கிறது, ஆனால் உள்ளே செருப்புப் பெட்டிகள் இருக்கும், எடுத்துவிட்டுப் பற்றவைக்கவேண்டும் என்றாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் கடையில் தலைக்கு மேல் வேலை. நாளைக்குச் சாப்பிடப்போவதற்கு இன்றே ஜீரண மாத்திரை வாங்குகிற புத்திசாலிகள் வாசல் வரை நின்றார்கள். விருந்தும் மருந்தும் ஒரே பையில் போனது. மதியத்தோடு கடையை மூடிவிட்டு வெண்ணெய் தேடிப் புறப்பட்டாள். முதல் கடையில் தீர்ந்துவிட்டது. இரண்டாவது கடையில் வரும் என்றார்கள், எப்போது என்று சொல்லவில்லை. மூன்றாவது கடையில் வெண்ணெய் இருந்தது, ஆனால் திராட்சையின் கடைசிப் பாக்கெட்டில் ஒரு வயதான மனிதரும் அவளும் ஒரே நேரத்தில் கைவைத்தார்கள். நீங்க எடுத்துக்கோங்க, இல்லை நீங்க எடுத்துக்கோங்க என்று இருவரும் ரொம்ப நேரம் விட்டுக்கொடுத்ததில், பின்னால் வந்த ஓர் அம்மா சத்தமில்லாமல் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கேக்கில் பேரீச்சம்பழம் போட்டுக்கொள்ளலாம் என்று அந்த மனிதர்தான் யோசனை சொன்னார். இருவரும் ஆளுக்கொரு பாக்கெட் பேரீச்சம்பழம் வாங்கிக்கொண்டு, பழைய சிநேகிதர்கள் போல வாழ்த்துச் சொல்லிப் பிரிந்தார்கள்.

மாலையில் மாவுக் கலவையைத் தூக்கிக்கொண்டு, ஏப்ரனும் வீட்டுச் செருப்புமாக எதிர்வீட்டுக் கதவைத் திறந்தாள். நர்ஸ் சோபாவில் ஷூவோடு தூங்கிக்கொண்டிருந்தாள். சின்னவள் ஓசைப்படாமல் ஷூவைக் கழற்றி, போர்வையை இழுத்துவிட்டாள். அவனிலிருந்து செருப்புப் பெட்டிகளை எடுத்து அடுக்கி, உள்ளே துடைத்து, கேக்கை வைத்தாள். பிறகு போவதற்கு மனமில்லாமல் அந்தச் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்து, கண்ணாடி வழியாக மாவு மெல்ல மெல்ல எழும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே டீச்சர் வீட்டில் பிள்ளைகள் கடைசித் தடவையாகப் பாடிப் பார்த்தார்கள். மேலே அண்ணன் எதையோ நகர்த்தினார். பக்கத்து அறையில் அந்தப் பெண் லேசாகக் குறட்டை விட்டாள். இத்தனை வருஷமாக இந்த எல்லாச் சத்தத்துக்கும் நடுவில்தான் குடியிருந்திருக்கிறேன் என்று சின்னவள் நினைத்துக்கொண்டாள். வெண்ணெயும் பேரீச்சையும் வெந்து வாசனை வந்தது.

கிறிஸ்துமஸ் அன்று சர்ச் முடிந்து ஓடிவந்து கோழியை அவனில் ஏற்றினாள். அண்ணன் டை கட்டிக்கொண்டு, சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து, ஸ்பூன்களை ஊதி ஊதித் துடைத்தார். டீச்சர் சாலட்டோடு வந்து காகித நாப்கின்களை மடிக்க ஆரம்பித்தார். படிகளில் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. அக்கா.

அக்காவின் கையில் பெரிய பை. அதில் அவள் வீட்டுப் பெரிய வாணலி, அவள் கத்தி, அவள் ஏப்ரன். பின்னால் அத்தான் இன்னொரு பையோடு. அவருக்குப் பின்னால் மகளும் மருமகனும் குழந்தையும். தங்கை தடுமாறிக்கொண்டிருப்பாள், போய்க் காப்பாற்றவேண்டும் என்று அக்கா ஆயுதங்களோடு வந்திருந்தாள். வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். வீட்டை நிறைத்து ஒரு நீள மேஜை, வெள்ளை விரிப்பு, சுற்றிலும் நாற்காலிகள், டை கட்டிய ஒரு பெரியவர் எழுந்து நின்று வணக்கம் சொல்கிறார். தப்பான கதவைத் தட்டிவிட்டோமோ என்று அவள் முகத்தில் ஒரு நொடி சந்தேகம் ஓடியது.

ஆனால் அக்கா சுதாரித்துக்கொள்ள நேரம் ஆகாது. நண்டு நடை நடந்து நேராகச் சமையலறைக்கு வந்தாள்.

"தள்ளு குட்டி. பாத்திரமெல்லாம் எங்க இருக்கு?"

அந்தச் சமையலறையில் ஒருவர்தான் நிற்கமுடியும். சின்னவள் வாசலிலேயே நின்றாள். இத்தனை வருஷம் தன்னை அக்கா நிறுத்திய இடம் இது மாதிரி ஒரு வாசல்தான் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் பழி தீர்க்கிற எண்ணமெல்லாம் இல்லை. அக்காவின் நெற்றி வியர்வையைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது.

"அக்கா, இன்னிக்கு நீ உக்காரு" என்றாள்.

"உக்காந்து என்ன பண்ண?"

இதையும் அக்கா நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். சின்னவள் பையை மட்டும் மெதுவாக வாங்கிக் கீழே வைத்தாள். அண்ணன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அக்கா நுனியில் உட்கார்ந்தாள். தட்டு வந்ததும் எழுந்தாள். தண்ணீர் வேண்டுமா என்று யாரோ கேட்டதும் எழுந்தாள். குழந்தை சிணுங்கியதும் எழுந்தாள்.

"அம்மா, வண்டி ஓடும்போது எந்திரிக்கக் கூடாது" என்றார் அண்ணன்.

ஒரு நிமிஷம் எல்லோரும் அக்கா முகத்தையே பார்த்தார்கள். அக்கா டை கட்டியவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்து, நாற்காலியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள்.

சாப்பாடு அமர்க்களம் இல்லை, ஆனால் குறையும் இல்லை. கோழியின் ஒரு கால் எலும்பருகே சரியாக வேகாமல் இருந்தது. மருமகன் அதை மட்டும் தட்டில் வைத்து எதிர்வீட்டு அவன் அடுப்புக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தான். அண்ணனின் கை உப்பு டப்பாவைத் தேடிப் போகும்போதெல்லாம் சின்னவள் பேச்சோடு பேச்சாக அதைத் தள்ளித் தள்ளி வைத்தாள். கடைசியில் அது அத்தான் மடிவரை போய்விட்டது. அத்தான் பல வருஷம் ஆபீசுக்கு அண்ணனின் பஸ்ஸில் போனவர் என்பது அப்போதுதான் தெரியவந்தது. ஒரு மழை நாளில் ஸ்டாப்பில் நின்ற தன்னை ஏற்றாமல் போனதை அத்தான் இன்னும் மறக்கவில்லை. நீங்கள் கையைக் காட்டியிருக்கமாட்டீர்கள் என்றார் அண்ணன். ஒரு கையில் குடை, ஒரு கையில் டிபன்பாக்ஸ், எந்தக் கையைக் காட்டுவது என்றார் அத்தான். அந்த வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே நர்ஸ் யூனிஃபார்மோடு வந்து, நின்றபடியே சாப்பிட ஆரம்பித்தாள். அக்கா அவள் கையைப் பிடித்து உட்காரவைத்து, பாத்திரத்தில் இருந்த நல்ல துண்டுகளாகப் பொறுக்கி அவள் தட்டில் போட்டாள். அவள் போனபிறகு, எலும்பும் தோலுமா இருக்கே அந்தப் பொண்ணு என்று சின்னவளைக் கடிந்துகொண்டாள், என்னவோ நர்ஸின் எடைக்கும் சின்னவள்தான் பொறுப்பு என்பது போல.

சாப்பிட்டு முடித்ததும் குழந்தை அழத் தொடங்கியது. மகள் தோளில் போட்டுத் தட்டினாள், மருமகன் கிலுகிலுப்பை ஆட்டினான், அத்தான் முகத்தைக் கோணல் செய்து காட்டினார். எதற்கும் மசியவில்லை. டீச்சர் கையை நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டு, மிச்சம் இருந்த குரலில் ஒரு கிறிஸ்துமஸ் பாட்டை வாய் திறக்காமல் முனகினார். கரகரவென்று, பழைய தையல் மிஷின் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். குழந்தைக்கு அது பிடித்துப்போயிற்று. அழுகை விசும்பலாகி, விசும்பல் பெருமூச்சாகி, கண் மூடியது. டீச்சர் பாட்டை நிறுத்தவில்லை. ஏனென்றால் மேஜைக்கு அந்தப் பக்கம் அக்காவின் தலையும் மெல்லச் சாய்ந்துகொண்டிருந்தது.

முதலில் மகள்தான் பார்த்தாள். அம்மா என்று எழுப்பப் போனவளைச் சின்னவள் கையைக் காட்டித் தடுத்தாள். அக்கா ஜன்னல் சுவரில் தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்து, மடியில் இரண்டு கையையும் மல்லாக்க வைத்துக்கொண்டு தூங்கினாள். அந்தக் கைகள் சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை. கல்யாணமான நாளிலிருந்து எந்தக் கிறிஸ்துமஸிலும் இவள் சாப்பிட்டபின் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை என்று அத்தான் தாழ்ந்த குரலில் சொன்னார். சொல்லிவிட்டு எதையோ யோசிப்பவர் போல எழுந்து, எச்சில் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக, சத்தம் வராமல் அடுக்க ஆரம்பித்தார். மருமகன் சோப்புப் போட்டான், மகள் கழுவினாள். அண்ணன் நுனிக்காலில் நடந்து ஒவ்வொரு தட்டாகத் துடைத்து வைத்தார். பஸ் நிலையம் போல இருந்த வீடு நூலகம் போல ஆகிவிட்டது.

வெளியே வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது அக்கா கண்ணைத் திறந்தாள். எங்கே இருக்கிறோம் என்று பிடிபடக் கொஞ்ச நேரம் ஆயிற்று. எல்லோரும் பார்க்காதது போல வேறு பக்கம் பார்த்தார்கள்.

"தூங்கிட்டேனாடி?"

கொஞ்ச நேரம்தான் என்றாள் சின்னவள். அக்காவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. முகம் கழுவவேண்டும் என்று முணுமுணுத்தாள். சின்னவள் அவளை உள்ளே அழைத்துப்போனாள். முகம் கழுவிவிட்டு வந்த அக்கா, துண்டால் துடைத்துக்கொண்டே படுக்கையறைக்குள் வந்து நின்றாள். இத்தனை வருஷத்தில் இந்த வீட்டுக்கு அவள் வந்ததெல்லாம் வாசல்வரைதான். காரை நிறுத்த இடமில்லை, அத்தான் அவசரப்படுத்துகிறார், அப்புறம் வருகிறேன் என்று சொல்லிச் சொல்லியே காலம் போய்விட்டது. இப்போது ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தலையணைப் பக்கத்து விளக்கு. சின்ன ரேடியோ. பாதியில் குப்புறக் கவிழ்த்து வைத்த புத்தகம். அலமாரியில் நிறம் பார்த்து அடுக்கிய துணிகள். ஜன்னலருகே போய்த் திரையை விலக்கினாள்.

கீழே தெரு முழுவதும் நட்சத்திர விளக்குகள் ஏற்ற ஆரம்பித்திருந்தார்கள். எதிர் மாடியில் ஒரு பெண் காயப்போட்ட துணியை எடுத்துக்கொண்டிருந்தாள். புது சைக்கிளில் ஒரு சிறுமி விழுந்து, எழுந்து, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்தாள். கேக் வெட்டலாமா என்று ஹாலிலிருந்து அண்ணனின் குரல் கேட்டது. பெரியவங்க வரட்டும் என்று அத்தான் சொல்வதும் கேட்டது.

அக்கா திரையைப் பிடித்தபடி ரொம்ப நேரம் நின்றாள்.

"நல்லாத்தான் இருக்கே" என்றாள்.

ஜன்னலைச் சொன்னாளா, தன்னைச் சொன்னாளா என்று சின்னவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. அக்காவின் தோளில் கிடந்த ஈரத் துண்டை வாங்கி ஜன்னல் கம்பியில் காயப்போட்டுவிட்டு, கேக் வெட்ட அவளைக் கூட்டிக்கொண்டு போனாள்.